குளக்கட்டுக்கு உடையவர் யார்?

(இலண்டனில் தமிழர் ஒன்றுகூடலொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாயகத்தில் ஒரு கிராமத்துக்கு உதவ விரும்பும் புலம்பெயர் தமிழரின் நெஞ்சில் பாடசாலை, மருத்துவமனை, கோயில் ஆகியவற்றோடு குளமும் இடம்பெறுகின்றது. ஊர்ச் சங்கங்கள் நிதி சேர்க்கின்றன. இயந்திரங்கள் இறங்குகின்றன, மண் கொட்டப்படுகின்றது, கட்டு உயர்கின்றது. பெயர்ப்பலகை நாட்டப்பட்டு, ஒளிப்படமும் இலண்டனுக்கு வந்து சேர்கின்றது. வேறு சிலர் ஊரிலுள்ள தமது சொந்தக் காணியிலேயே ஓடையை மறித்துச் சிறு அணை கட்டிப் பண்ணை அமைக்க விரும்புகின்றனர். இவை யாவும் நல்லெண்ணத்தின் வெளிப்பாடுகளே.

ஆயினும் அந்தப் பெயர்ப்பலகையில் எழுதப்படாத கேள்வி ஒன்று உண்டு. பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர், கார்த்திகை மாதத்து அடைமழை இரவில், கையில் விளக்கோடு அக்கட்டின்மீது நடந்து பார்க்கப் போகின்றவர் யார்? கட்டு உடையுமாயின், அதன் கீழே உறங்கிக் கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

இக்கேள்விக்கு இலண்டன் மாநகரம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கின்றது. அவ்விடைகளுள் ஒன்று, அன்றைய சென்னை மாகாணத்துக் குளங்கள் இரண்டைப் பற்றியதாகும்.

இரண்டு தீர்ப்புகள்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் யோன் றைலண்ட்ஸ் என்னும் ஆலை உரிமையாளர், 1860 ஆம் ஆண்டளவில் தமது ஆலைக்குத் தண்ணீர் வேண்டி ஒரு நீர்த்தேக்கத்தை அமைப்பித்தார். வேலையைப் பொறியியலாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் ஒப்படைத்தார். நீர்த்தேக்கத்தின் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. அவை முறையாக அடைக்கப்படவில்லை. நீர் நிரம்பியதும் அக்குழிகள் வழியே இறங்கி, அண்டையில் இருந்த பிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. றைலண்ட்ஸ் தாமே கவனக்குறைவாக நடந்தார் என்று எவரும் நிறுவவில்லை. இருந்தும் 1868 இல் அவரே இழப்புக்குப் பொறுப்பாளி எனத் தீர்ப்பாயிற்று. இயற்கையாக அங்கு இல்லாத, தப்பினால் தீங்கு விளைக்கவல்ல ஒன்றைத் தன் நலத்துக்காகத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பிச் சென்றால் விளையும் கேட்டையும் ஏற்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆறு ஆண்டுகளின் பின்னர், 1874 இல், இதே இலண்டனில் கோமறைக் கழகம் எனப்படும் பிரிவிக் கவுன்சிலின் முன்னால் மற்றொரு வழக்கு வந்தது. அன்றைய வட ஆற்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கார்வேட்டிநகரத்தின் சமீன்தாருக்கு எதிராக மதராஸ் ரயில்வே நிறுவனம் தொடுத்த வழக்கு அது. சமீன்தாரின் நிலத்தில் இருந்த குளங்கள் இரண்டு பெருமழையில் உடைந்து, வெள்ளம் இருப்புப் பாதையைச் சேதப்படுத்தியிருந்தது. றைலண்ட்ஸ் வழக்கின் விதியை இங்கும் பொருத்த வேண்டும் என ரயில்வே நிறுவனம் வாதிட்டது.

நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. இக்குளங்கள் தனியொருவர் தம் இலாபத்துக்காகப் புதிதாக அமைத்துக் கொண்டவை அல்ல. அவை தொன்மையானவை, நாட்டின் பாசன ஒழுங்கில் ஓர் அங்கமாக விளங்குபவை, பெருந்தொகையான மக்களின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை. சமீன்தார் நினைத்தாலும் அவற்றைத் தூர்த்துவிட முடியாது. அவற்றைப் பேணுவதும் பழுதுபார்ப்பதும் அவர் மீது சுமத்தப்பட்ட கடமை. ஆகவே நீரைத் தேக்கினார் என்பதற்காக மட்டும் அவரைத் தண்டிக்க இயலாது; பேணும் கடமையில் அவர் தவறினாரா என்பதையே பார்க்க வேண்டும் என்று கூறி, சமீன்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

மேலோட்டமாக நோக்கின் இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே இடத்திற்கே வந்து சேர்கின்றன. தன் நலத்துக்காக நீரைத் தேக்குபவனை முதலாவது தீர்ப்பு விடவில்லை. ஊர் நலத்துக்காக நீரைத் தேக்குபவனை இரண்டாவது தீர்ப்பு பாதுகாத்தது. ஆனால் பராமரிப்பு என்னும் நிபந்தனையோடு பாதுகாத்தது. குளம் அறச்செயல் என்பதால் கட்டைப் பார்க்கும் கடமை நீங்கிவிடாது. அறச்செயல் என்பதனாலேயே அக்கடமை எழுகின்றது. தாயகத்துக் குளங்களுக்கு நிதி வழங்குவோர் மனங்கொள்ள வேண்டிய முதற் செய்தி இதுவாகும்.

உயிர்களைக் கொடுத்துப் பெற்ற சட்டம்

இழப்பீடு கேட்டு வழக்காடுவது சுரங்கத்துக்கும் இருப்புப் பாதைக்கும் பொருந்தலாம். மாண்டவர்கள் வழக்காடுவதில்லை. 1864 மார்ச் 11 ஆம் திகதி இரவு, ஷெஃபீல்ட் நகருக்கு மேலே தனியார் குடிநீர் நிறுவனம் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த டேல் டைக் மண் அணை உடைந்து, இருநூற்று நாற்பது பேரளவில் மாண்டனர். 1925 ஏப்ரலில் ஸ்கொட்லாந்தின் ஸ்கெல்மோர்லியில் சிறியதொரு நீர்த்தேக்கம் உடைந்து உயிர்களைக் காவு கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 2 ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் டோல்காரொக் கிராமத்துக்கு மேலே, அலுமினிய நிறுவனம் ஒன்றுக்குரிய ஐகியோ அணையின் அடித்தளத்தை நீர் அரித்து வெளியேறியது. அவ்வெள்ளம் கீழேயிருந்த கோற்றி மண் அணையையும் மேவி உடைத்தது. பதினாறு பேர் இறந்தனர்.

இதன் பின்னரே 1930 இல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் 1975 ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று இங்கிலாந்தில், இயற்கையான நிலமட்டத்துக்கு மேலே 25,000 கனமீற்றருக்குக் குறையாத நீரைத் தேக்கும் எந்த நீர்த்தேக்கமும் பதிவு செய்யப்பட வேண்டும். வேல்ஸில் 2016 முதல் அந்த எல்லை 10,000 கனமீற்றர். உடையவர் விவசாயியாயினும், மீன்பிடிக் கழகமாயினும், மாநகர சபையாயினும் சட்டம் ஒன்றே. அணைக்கு யார் பொறுப்பு என்பது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். உடைந்தால் உயிராபத்து விளைக்கக்கூடியவை என வகைப்படுத்தப்பட்டவற்றில் தகுதி பெற்ற பொறியியலாளரின் மேற்பார்வையும் குறித்த கால இடைவெளியில் சுயாதீனமான பரிசோதனையும் நடைபெற வேண்டும். அதற்கான செலவு உடையவரைச் சார்ந்தது. 1925 இன் பின்னர் பிரித்தானியாவில் நீர்த்தேக்க அணை உடைந்து எவரும் உயிரிழந்ததில்லை என்பது இவ்வேற்பாட்டின் பயன் எனலாம்.

எனினும் சட்டம் ஒன்றே போதும் என எண்ணிவிடலாகாது. 2019 ஆகஸ்டில் டார்பிஷயரின் வேலி பிறிட்ஜ் ஊருக்கு மேலேயுள்ள ரொட்புறூக் மண் அணையின் வான் மழை வெள்ளத்தில் பெயர்ந்தது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வணையின் உடைமையாளர் ஒரு தொண்டு நிறுவனம். வானின் வடிவமைப்பில் இருந்த குறையையும் தொடர்ச்சியற்ற பராமரிப்பையும் பின்னைய விசாரணை சுட்டிக்காட்டியது. கட்டின் குறைக்கு முன்னால் நல்லெண்ணம் எந்தச் சலுகையையும் பெறுவதில்லை.

ஹாம்ஸ்ரெட் ஹீத்தின் குளத்தொடர்

இந்நகரில் வாழும் தமிழர் பலர் கோடை மாலைகளில் பிள்ளைகளுடன் ஹாம்ஸ்ரெட் ஹீத்துக்குச் செல்வதுண்டு. அங்குள்ள அழகிய குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. ஃபிளீற் என்னும் சிற்றாற்றின் தலையூற்றுகளை மறித்து எழுப்பப்பட்ட மண் கட்டுகளே அவை. இலண்டனுக்குக் குடிநீர் விற்பதற்காக 1692 இல் அமைக்கப்பட்ட ஹாம்ஸ்ரெட் நீர் நிறுவனம் என்னும் தனியார் நிறுவனத்தின் முயற்சியில் உருவானவை. அந்நிறுவனம் மறைந்துவிட்டது. நீர் விற்பனையும் நின்றுவிட்டது. கட்டுகளோ நிற்கின்றன. 1989 முதல் அவற்றைப் பேணும் பொறுப்பு இலண்டன் நகர மாநகராட்சியிடம் உள்ளது.

இக்குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. மேலேயுள்ளது உடைந்தால் அதன் வெள்ளம் அடுத்ததன் மீது பாயும். கடைசிக் கட்டின் கீழே இருப்பது மக்கள் செறிந்து வாழும் வட இலண்டன். 1975 ஆகஸ்ட் 14 ஆம் திகதி இதே ஹாம்ஸ்ரெட்டில் மூன்று மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் 170 மில்லிமீற்றர் அளவு மழை கொட்டியது. அத்தகைய மழையிலும் அதனினும் பெரிய மழையிலும் கட்டுகள் தாங்க வேண்டும் என்பதற்காக, இருபது மில்லியன் பவுணுக்கும் மேலான செலவில் 2015 இல் திருத்த வேலைகள் தொடங்கி 2016 இல் நிறைவுற்றன. சில கட்டுகள் உயர்த்தப்பட்டன. மேலதிக நீர் கட்டை அரிக்காமல் வழிந்தோடப் புல் வளர்ந்த வான்கள் அமைக்கப்பட்டன.

இத்திட்டத்தை உள்ளூர்ச் சங்கம் ஒன்று கடுமையாக எதிர்த்து நீதிமன்றம் சென்றது. முந்நூறு ஆண்டுகளாக உடையாத கட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு, எழில் நிறைந்த நிலத்தோற்றம் கெடாதா என்பன அதன் கேள்விகள். அவை அற்பமான கேள்விகள் அல்ல. எனினும் 2014 இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதுவரை உடையவில்லை என்பது இனியும் உடையாது என்பதற்குச் சான்றாகாது.

சிறு குளம் எவ்வளவு சிறியது?

சிறிய குளம்தானே என்று கூறுவோர் எளிய கணக்கொன்றைச் செய்து பார்க்கலாம். பத்து ஏக்கர் பரப்பும் சராசரியாக ஒரு மீற்றர் ஆழமும் உள்ள குளம் ஏறத்தாழ 40,000 கனமீற்றர் நீரைக் கொள்ளும். ஒரு கனமீற்றர் நீரின் நிறை ஒரு தொன். ஆகவே நாற்பதாயிரம் தொன் நிறை ஒரு மண் மேட்டில் சாய்ந்து நிற்கின்றது. வன்னியில் இதனைச் சின்னக்குளம் என்பர். அந்நீர் முழுவதும் நிலமட்டத்துக்கு மேலே தேங்கி நிற்குமாயின், இங்கிலாந்தின் சட்டம் இதனைப் பெரும் நீர்த்தேக்கமாகப் பதிவு செய்யும்.

கென்யாவின் நக்குரு மாவட்டத்தில், சோலாய் என்னும் இடத்தில் தனியார் பண்ணையொன்றின் மண் அணை 2018 மே 9 ஆம் திகதி இரவு உடைந்தது. கீழே வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணையின் பயனைத் துய்த்தவர்கள் மேலே. அதன் ஆபத்தைச் சுமந்தவர்கள் கீழே. தனியார் அணைகளின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

மண் கட்டு பெரும்பாலும் மூன்று வழிகளில் அழிகின்றது. முதலாவது, வான் போதாமையால் நீர் கட்டின் மேலாக வழிந்து கீழ்ச்சரிவை அரித்துவிடுதல். இரண்டாவது, உட்கசிவு. துருசின் குழாயை ஒட்டியோ, எலி வளை, கறையான் புற்று, உக்கிய வேர் ஆகியவற்றின் வழியாகவோ நீர் புகுந்து மண்ணைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவரும். மூன்றாவது, நீரில் ஊறிய சரிவு இடிந்து விழுதல். கட்டின் அடியில் கசிவது தெளிந்த நீராயின் கவனித்து வரலாம். கலங்கிய நீராயின் கட்டின் உள்ளேயிருந்து மண் வெளியேறுகின்றது என்பது பொருள். அன்றே அறிவிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறிவதற்குப் பட்டம் தேவையில்லை. பார்ப்பதற்கு ஒருவர் தேவை.

பார்ப்பவர் இருந்த காலம்

தாயகத்தில் அவ்வாறு பார்ப்பவர் இருந்தார். வயலின் அளவுக்கேற்பக் கட்டின் பங்கைப் பிரித்து, ஒவ்வொரு கமக்காரரும் தத்தம் பங்குக்கு மண்ணிட்டுச் சீர்செய்யும் வழக்கம் இருந்தது. வட்டவிதானையார் நீர் திறக்கும் நாளையும் கட்டு வேலைக்கான நாளையும் அறிவித்தார். பிரித்தானியர் ஆட்சியில் 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கியது நன்றே. ஆயினும் குளங்களைப் பேணிய கூட்டுழைப்பும் தளர்ந்தது. அதனை மீட்கவே 1856 இல் பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டு ஊர் வழக்கங்களுக்குச் சட்டவலு அளிக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமர்த்தியது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. 200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் தரும் சிறு குளங்கள் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன.

சட்டங்கள் மாறின, பெயர்கள் மாறின. அவற்றோடு போரும் வந்தது. ஊரே இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கட்டைப் பார்க்க ஆளில்லை. மரங்கள் முளைத்தன, வான்கள் தூர்ந்தன, அலைகரைகள் காடாகின. மீண்டு வந்தவர்களுள் இளையோர் பலர் இப்போது வெளிநாட்டில். ஆகவே தாயகத்துக் குளங்களுக்கு இன்று மண்ணைக் காட்டிலும் பெரிய பற்றாக்குறை, பார்ப்பவர் பற்றாக்குறையே. கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அது பெருங்குளம், அரசின் பொறுப்பில் இருந்த குளம். அதற்கே அந்நிலை ஏற்பட்டதெனில், கேட்பாரற்ற சிறு குளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

முதலாவதாக, நிதி திரட்டுவதற்கு முன்னர் குளத்தின் கீழே நடந்து பார்க்க வேண்டும். கட்டு உடைந்தால் நீர் எவ்வழியே செல்லும், அவ்வழியில் எத்தனை வீடுகள், எந்தப் பாடசாலை, அடுத்த குளம் எது என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். வன்னிக் குளங்களும் ஹாம்ஸ்ரெட் குளங்களைப் போன்றே தொடராக அமைந்தவை. ஒன்றைத் தனியே உயர்த்துவது கீழுள்ள அனைத்தையும் பாதிக்கும். திணைக்களத்தின் அனுமதியும் தகுதி வாய்ந்த பொறியியலாளரின் ஆலோசனையும் இன்றி ஒரு கூடை மண்ணும் போடலாகாது.

இரண்டாவதாக, கட்டின் உயரத்துக்கு முன்னர் வானின் அகலத்தைக் கேட்க வேண்டும். உயர்ந்த கட்டு ஒளிப்படத்தில் அழகாகத் தெரியும். அகன்ற வான் தெரியாது. ஊரைக் காப்பது வானே.

மூன்றாவதாக, திரட்டிய பணம் முழுவதையும் கட்டி முடிப்பதற்கே செலவிட்டுவிடாமல், ஒரு பகுதியை ஆண்டுதோறும் நடைபெற வேண்டிய பராமரிப்புக்கென ஒதுக்க வேண்டும். மாரிக்கு முன்னர் வானைத் துப்புரவாக்கல், இளஞ்செடிகளை வேரோடு அகற்றல், துருசை இயக்கிப் பார்த்தல், மாரியில் நாள்தோறும் கட்டில் நடத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதிர்ந்த மரங்களை மட்டும் ஆலோசனையின்றி வெட்டலாகாது. வேர் உள்ளே உக்கினால் அதுவே நீருக்கு வழியாகிவிடும்.

நான்காவதாக, பொறுப்பாளரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். கமக்காரர் அமைப்பு, திணைக்களம், நிதி வழங்கும் சங்கம் ஆகிய மூன்றும் யார் எதற்குப் பொறுப்பு என்பதை ஒரு தாளில் ஒப்பமிட வேண்டும். சொந்தக் காணியில் அணை கட்டுவோருக்கு இது இன்னும் அவசியம். உடையவர் இலண்டனில் இருக்க, துருசைத் திறக்கும் அதிகாரம் எவருக்கும் வழங்கப்படாதிருப்பின், அவ்வணை உடையவரற்ற அணையே ஆகும்.

ஏழைக் கிராமத்தின் மீது பிரித்தானியாவின் செலவு மிக்க ஒழுங்குகளைச் சுமத்துவது முறையா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினா. சுமத்த வேண்டியது செலவை அன்று. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர், ஒரு பார்வை, ஒரு பதிவேடு ஆகிய மூன்றுமே அச்சட்டத்தின் உயிர்நாடி. இவை மூன்றையும் வட்டவிதானையார் தம் மனக்கணக்கிலேயே வைத்திருந்தார். இரவல் வாங்க வேண்டிய அறிவு அல்ல அது. கைநழுவவிட்டு மீட்க வேண்டிய அறிவு.

இந்நாட்டில் பயின்ற தமிழ்ப் பொறியியலாளர்களும் கணினி வல்லுநர்களும் இதற்குத் துணை நிற்க முடியும். குளக்கட்டைப் பரிசோதிக்கும் முறையை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தல், கட்டின் படங்களைத் திகதியோடு சேமிக்கும் பதிவேட்டை அமைத்தல், மழை எச்சரிக்கையைக் கட்டுக் காவலருக்கு உடனுக்குடன் சேர்த்தல் போன்றவை பணத்தினும் நீடித்த பயனைத் தரும்.

அவையோரே, குளம் வெட்டுவது பெரும் புண்ணியம் என்று முன்னோர் கருதினர். அப்புண்ணியம் குளம் வெட்டிய நாளோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை ஒரு குளத்துக்காக உண்டியல் நீட்டப்படும்போது, எவ்வளவு தேவை எனக் கேட்பதற்கு முன்னர், கட்டை யார் பார்ப்பார் எனக் கேளுங்கள். பெயர் சொல்லப்பட்டால் தாராளமாக வழங்குங்கள். பெயர் இல்லையெனில், அந்தப் பெயரைத் தேடுவதற்கே முதலில் உதவுங்கள்.